ஒற்றைக் கைப் புலி

எங்கள் போஜோவ் ஊரில் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் "என்ன நோவு?" என்று யாரும் கேட்பதில்லை. "எந்த மிருகம் செய்யுறே?" என்றுதான் கேட்பார்கள். ஈரலுக்குப் புலி, சிறுநீரகத்துக்கு மான், வயிற்றுக்குக் கரடி, நெஞ்சுக்குக் குரங்கு, மூச்சுக்கு நாரை. இந்த ஐந்து மிருகப் பயிற்சியை உண்டாக்கிய அந்தக் காலத்து வைத்தியர் போஜோவ்காரர். அவருக்குக் கோயில் கட்டி வைத்திருக்கிறோம். மிருகங்களைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்ற திமிர் ஊர் முழுக்க உண்டு. அந்தத் திமிர்தான் குய்லியானைக் கொன்றது. அதில் என் பங்கும் இருக்கிறது. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நான் லூ யுன்ஷியா. கிழக்குவாசல் மூலிகை ஆலையில் இருபத்தாறு வருஷம் கிழங்கு சீவினவள். பியோனி என்ற பூச்செடியின் மருந்துக் கிழங்கை வேகவைத்துக் கொண்டுவந்து குவியலாகக் கொட்டுவார்கள். நாங்கள் வரிசையாக முக்காலியில் உட்கார்ந்து மூங்கில் கத்தியால் தோலைச் சீவ வேண்டும். சீவியதைக் களத்தில் காயப்போட்டு, பூச்சி அரிக்காமல் வெள்ளையாக இருக்கக் கந்தகப் புகை போடுவார்கள். எனக்கு இடது பக்கத்து முக்காலி நிங் குய்லியானுடையது. இருபத்துமூன்று வருஷம் என் இடது காது அவளுக்கும் அவள் வலது காது எனக்கும் சொந்தம்.

அவள் எப்படிப்பட்டவள் என்று தெரிய வேண்டுமானால், ஆலையில் வருஷாவருஷம் எடுத்த குரூப் போட்டோக்களில் அவளைத் தேடிப் பாருங்கள். ஒரு வருஷம் யாரோ ஒருத்தியின் தொப்பிக்குப் பின்னால் அரை முகம். மறு வருஷம் ஒரு காது. கேன்டீனில் ஆட்டுக்கறி நூடுல்ஸ் போடுகிற நாளில் நாங்களெல்லாம் முண்டியடிப்போம். இவள் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசியில் நின்று, வெறும் குழம்பை வாங்கிக்கொண்டு வருவாள்.

"ஏண்டி, உன் கிண்ணத்துல மட்டும் ஆடு குளிச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுச்சா?" என்று கத்துவேன்.

"குழம்புலதானேக்கா ருசி" என்று சிரிப்பாள்.

ஆற்றங்கரைப் படகுக்காரன் மகள். பதினாறு வயதில் ஆலைக்கு வந்தாள். ஆலை லாரி ஓட்டும் ஹாங் தேஷெங்கைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்று அவன் லாரி பாதி வழியில் படுத்துவிட்டது. இவள் சீர் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மைல் நடந்தே வந்து, மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள் வீட்டைப் பெருக்கி அடுப்பும் மூட்டி வைத்திருந்தாள். இரண்டு முறை குழந்தை தங்காமல் போனது. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நானும் கிளறமாட்டேன்.

அவளிடம் ஒன்றே ஒன்றுதான் ஊர் கண்ணில் படும்படியாக இருந்தது. காலை ஐந்தரை மணிக்கு, கிழங்கைப் பரப்புவதற்கு முன்னால், காயப்போடும் களத்தில் நாங்கள் நாற்பது ஐம்பது பேர் ஐந்து மிருகமும் செய்வோம். குய்லியான் முன்னால் நிற்பாள். யாரும் அவளை நியமிக்கவில்லை. பின்னால் நின்றால் எல்லோரும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், அதனால் முன்னால் தள்ளிவிட்டோம். அவள் கரடி நடை நடந்தால் களத்து மண் அமுங்குகிறது என்று நினைப்பீர்கள். நாரை செய்து ஒற்றைக் காலில் நின்றாளானால் கொதிக்கிற தேநீர் ஆறும்வரை நிற்பாள். புலி மட்டும் அவளுக்குச் சுமார். இரண்டு கையையும் நகம் போல வளைத்து, உயரத் தூக்கி, கண்ணை உருட்டிப் பாய வேண்டும். இவள் பாய்வது யாரையோ தட்டி எழுப்பப் போவது போல இருக்கும்.

"கோவமே வராதவளுக்குப் புலி எங்கடி வரும்? ஒரு நாளாவது உன் புருஷனைத் திட்டிப் பாரு, வந்துடும்" என்பேன்.

"இது என்ன வைத்தியமாக்கா? நாள் பூரா முக்காலியில குனிஞ்சு கெடக்குறோம்ல, முதுகு நிமிரணும். அவ்வளவுதான்" என்பாள்.

இதைச் சொன்னவள்தான் அவள். பின்னால் அவளே இதை மறந்துபோனாள். நான் மறக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கொதிக்கிறது.

1987 வசந்தத்தில் கெங் வாத்தியார் வந்து சேர்ந்தார். அப்போது நாடு முழுக்க மூச்சுப் பயிற்சிப் பைத்தியம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பூங்காவுக்குப் போனால் ஒவ்வொரு மரத்தையும் ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். தெற்குப் பக்கத்திலிருந்து வந்த இந்த மனிதர் கறுப்புக் கண்ணாடியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, ஜாம் பாட்டிலில் தேநீரை உறிஞ்சிக்கொண்டு, தொழிலாளர் மண்டப மேடையில் ஏறினார். இருநூறு பேர் கூடியிருந்தோம்.

"நீங்க இத்தனை நாளா செஞ்சது காப்பி அடிக்கிற வேலை" என்றார். "மிருகத்தைப் பார்த்து மனுஷன் ஆடுறான். அசல் ஆட்டம் அது இல்ல. கண்ணை மூடி, மனசை அடிவயித்துல வெச்சுக்கிட்டு, சும்மா நில்லுங்க. மிருகம் தானா வரும். எந்த உறுப்பு கெட்டுக் கெடக்கோ, அதுக்குரிய மிருகம் வரும். வந்து சரிபண்ணிட்டுப் போகும்."

இரண்டு கட்டளை போட்டார். மிருகம் வந்த ஆளை மற்றவர்கள் தொடக் கூடாது. ஆடி ஓய்ந்ததும் அவரவரே இரண்டு கையையும் தொப்புள் மேல் வைத்து, முகத்தைத் தேய்த்து, எச்சிலை மூன்று தடவை விழுங்கி ஆட்டத்தை முடித்து வைக்க வேண்டும். முடிக்காவிட்டால் மிருகம் உள்ளேயே தங்கிவிடும்.

பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! ஐந்து நிமிஷத்தில் கேன்டீன் சமையல்காரர் குரங்காகி நாற்காலி மேல் தாவினார். ஆலைச் செயலாளர், நூற்றெண்பது ராத்தல் மனிதர், மானாகித் துள்ளினார். கணக்கு எழுதும் பெண் தரையில் புரண்டு உறுமினாள். எனக்கு ஒரு கொசு கூட வரவில்லை. அடுப்பில் கஞ்சியை மறந்து வைத்துவிட்டோமோ என்ற யோசனை மட்டும் வந்தது.

"உங்க உறுப்புங்க எல்லாம் தூங்குது" என்றார் வாத்தியார் என்னிடம்.

"தூங்கட்டும் வாத்தியாரே, அதுங்களும் என்னோட சேர்ந்து உழைச்ச களைப்பு" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

குய்லியானுக்கும் ஐந்து நாள் எதுவும் வரவில்லை. ஆறாவது நாள் என் பக்கத்தில் நின்றவள் மெதுவாக, "அக்கா, கந்தக வாசம் அடிக்குதுல்ல?" என்றாள்.

ஆலை அங்கிருந்து ஒரு மைல். "உன் மூக்குல அடிச்ச கந்தகம் இன்னும் போகல போலிருக்கு" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அவள் இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக வளைந்தன. கட்டைவிரல் முதலில், பிறகு மற்றவை. கை துடித்துத் துடித்து மேலே ஏறியது. தலை இடது பக்கம் திரும்பியது. வாய் ஓரம் இழுத்துக்கொண்டது. தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது. இருபத்துமூன்று வருஷத்தில் அவளிடமிருந்து நான் கேட்டிராத சத்தம்.

மண்டபமே நின்று பார்த்தது. "புலி!" என்றார் வாத்தியார். "இதுதான் அசல் புலி. ஈரல்ல கோளாறு. எல்லாரும் பார்த்துக்குங்க."

ஒன்றிரண்டு நிமிஷத்தில் கை தொங்கியது. அவள் கண்ணைத் திறந்து, தூங்கி எழுந்தவள் போலச் சுற்றிப் பார்த்தாள். கை தட்டினார்கள். குழம்பு வாங்கக் கடைசியில் நிற்கிறவள், முதல் தடவையாக இருநூறு பேர் தன்னைப் பார்த்துக் கை தட்டுவதைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு மண்டபத்தில் அவளுக்கு முன்வரிசை. பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் புலியைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மற்றவர்களின் ஆட்டத்தில் பாதி நடிப்பு, அது எங்களுக்கே தெரியும். செயலாளருடைய மான் துள்ளும்போது சிகரெட் பாக்கெட் விழாமல் சட்டைப் பையைப் பிடித்துக்கொள்ளும். குய்லியானுடையதில் துளி நடிப்பு கிடையாது. அது வந்தால் அவளால் நிறுத்த முடியாது.

கோடையில் அது கூப்பிடாமலே வரத் தொடங்கியது.

ஒரு நாள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தோம். "கந்தகம் போட்டுட்டாங்க போல" என்றாள். செவ்வாய்க்கிழமைதான் புகை போடுவார்கள், அன்று வெள்ளி. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் இடது கையில் இருந்த கிழங்கு உருண்டு விழுந்தது, விரல்கள் கொக்கியாகின. கொட்டகையில் இருந்த பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பயபக்தியோடு எழுந்து நின்றார்கள். இன்னொரு நாள் சாப்பிடும்போது வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உதட்டோரம் ரத்தம் வழிந்தது. "புலி ருசி பார்த்துடுச்சு" என்று எவளோ சொன்னாள். நாசமாய்ப் போகிற வாய்.

அன்று மாலை குழாயடியில் அவள் வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினேன்.

"வலிக்குதாடி?"

"தலைதான்க்கா வலிக்குது. காலைல எழுந்தா வாந்தி வர்ற மாதிரி இருக்கு. உள்ள சுத்தமாகுதுன்னு வாத்தியார் சொல்றாரு."

"குய்லியான், ஒண்ணு கேக்குறேன். புலிக்கு எத்தனை முன்னங்காலு?"

"ரெண்டு."

"உன் புலிக்கு ஏன் ஒண்ணுதான்? எப்பப் பாரு அந்த இடது கைதான் வருது. வலது கை எங்க போச்சு, லீவு போட்டுடுச்சா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் கொட்டகை முழுக்க இது பரவி, "ஒத்தைக் கைப் புலி வந்துட்டா" என்று அவளைக் கேலி செய்தார்கள். நான்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை வேடிக்கையாக்கியவளும் நான்தான். உள்ளுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. வேடிக்கையாகச் சொன்னால் உறுத்தல் குறையும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

குறையவில்லை. ஒரு வாரம் கழித்து அவளை இழுத்துக்கொண்டு ஆலை மருத்துவ அறைக்குப் போனேன். ஷென் டாக்டர் சின்னப் பெண், படிப்பு முடித்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்தாள். ஈரல் கண்ணாடி போல இருந்தது. குய்லியானுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"பாத்தியாக்கா! புலி சரிபண்ணிடுச்சு!"

ஷென் டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு சின்ன டார்ச்சை அவள் கண்ணுக்குள் அடித்துப் பார்த்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னாள். வலது கை அப்படியே நின்றது. இடது கை தானாகத் தாழ்ந்துகொண்டே போனது, குய்லியானுக்கு அது தெரியவே இல்லை.

"அம்மா, இது ஈரலும் இல்ல, புலியும் இல்ல" என்றாள் டாக்டர். "தலைக்குள்ள ஏதோ அழுத்துதுன்னு பயப்படுறேன். அதனாலதான் ஒரு பக்கமா இழுக்குது. ஹெஃபெய்ல பெரிய ஆஸ்பத்திரியில தலையைப் படம் பிடிக்கிற மெஷின் இருக்கு. சீட்டு எழுதித் தர்றேன், இந்த மாசமே போயாகணும். ஆபரேஷன் செஞ்சா பிழைக்க வழி இருக்கு. தள்ளிப்போட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

குய்லியான் அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேராக வாத்தியாரிடம் போய்க் காட்டினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன்.

"போகணும்னா போங்க" என்றார் மெதுவாக. "ஆனா புலி பாதிதான் வந்திருக்கு. ஒரு கை வந்தாச்சு. மறு கையும் வந்துட்டா வேலை முடிஞ்சுது, அப்புறம் அது திரும்ப வராது. பாதியில போய் மெஷினுக்குள்ள படுத்தீங்கன்னா, வந்த பாதி உள்ளேயே மாட்டிக்கும். அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

என் கேலியைத்தான் அவர் எடுத்து எனக்கே திருப்பி வைத்தார்.

தேஷெங் தெற்கே லோடு ஏற்றிக்கொண்டு போகும் முன் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். மாதத்தில் இருபது நாள் அவன் ரோட்டில்தான். இந்தத் தடவை குவாங்ஜோவ் வரை போக வேண்டும்.

"அக்கா, நான் சொன்னா அவ கேக்க மாட்டேங்குறா. புலி, புலின்றா. நீங்க சொன்னா கேப்பா. எப்படியாவது ஹெஃபெய்க்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. நான் வர்றதுக்குள்ள."

"நீ போ. நான் அவ முடியைப் பிடிச்சு இழுத்துட்டாவது போறேன்" என்றேன். வாக்குக் கொடுத்தேன். அவன் நிம்மதியாக வண்டியை எடுத்தான்.

மூன்று நாள் அவளோடு மல்லுக்கட்டினேன். முதல் நாள் நயமாகச் சொன்னேன். இரண்டாம் நாள் திட்டினேன். மூன்றாம் நாள் அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். கடைசியில் அவள் இறங்கி வந்தாள்.

"சரிக்கா, வர்றேன். ஆனா மூலிகைச் சந்தை தொடங்கட்டும். தொடக்க நாள்ல என்னை மேடையில ஏத்துறாங்க. வெளிநாட்டுக்காரங்க எல்லாம் வர்றாங்களாம். போஸ்டர்ல பேரு போட்டிருக்காங்கக்கா, நீ பார்த்தியா? 'நிங் குய்லியான்', ஒவ்வொரு எழுத்தும் இவ்வளவு பெருசு." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். இடது கை பாதிதான் விரிந்தது. "அது முடிஞ்ச மறுநாள் காலைல பஸ். சத்தியம்."

ஒன்பது நாள்தானே என்று கணக்குப் போட்டேன். போஸ்டரில் தன் பெயரைப் பார்த்த அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஷென் டாக்டரிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அக்கா, ஒன்பது நாள் பொறுத்துக்கிறேன்னு அந்த நோவு உங்களுக்குச் சொல்லிச்சா?" என்று கேட்டாள். நான் அவளிடம் வாய்ச்சண்டைக்குப் போனேன். அன்றைக்கே போய் மறுநாள் ஆறு மணி பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். நான் பத்தாம் நாளுக்கு வாங்கினேன். வாங்கி, உள்சட்டைப் பையில் ஊசி குத்தி வைத்தேன்.

அந்த ஒன்பது நாளில் புலி பதினான்கு முறை வந்தது. நான் விரல் விட்டு எண்ணினேன். எல்லாம் இடது கை. இரண்டு முறை வந்துபோன பின்பு அவளுக்கு என் பெயர் சட்டென்று வரவில்லை. "நீ... நீ..." என்று என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள், "என்ன, மறு கை வந்துச்சா?" என்று விசாரித்தார்கள். பல் தேய்த்தாயா என்று கேட்பது போலக் கேட்டார்கள். ஊரே அந்த வலது கைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நானும் காத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சந்தை தொடங்கிய அன்று காலை பத்து மணிக்கு நல்ல வெயில். மைதானம் முழுக்க மூலிகை மூட்டைகள், சிவப்புத் துணி, ஒலிபெருக்கி. நான் முன்வரிசையில் நின்றேன். மேடையில் முதலில் நாங்கள் காலையில் செய்கிற பழைய ஐந்து மிருகத்தையும் எங்கள் கூட்டம் செய்துகாட்டியது. பிறகு எல்லோரும் விலகிக்கொள்ள, குய்லியான் மட்டும் நடுவில் நின்றாள். வெள்ளைப் பட்டுச் சட்டை, யாரோ இரவல் கொடுத்தது. கண்ணை மூடுவதற்கு முன் கூட்டத்தில் என்னைத் தேடினாள். பார்த்ததும் மூக்கைச் சுருக்கிக் காட்டினாள். கந்தக வாசம் என்றால் அப்படித்தான் காட்டுவாள்.

விரல்கள் வளைந்தன. இடது கை ஏறியது. தலை திரும்பியது. இவ்வளவும் எனக்குப் பழக்கம். மனசுக்குள், 'இன்னும் ஒரு நிமிஷம், அப்புறம் முடிஞ்சுடும். நாளைக்கு ஆறு மணிக்கு பஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவள் வலது கை அசைந்தது.

கட்டைவிரல், பிறகு மற்ற விரல்கள். வலது கையும் நகமாக வளைந்து மேலே எழுந்தது. இரண்டு கையும் தலைக்கு மேல். உடம்பு முழுக்க வில்லாக விறைத்து நின்றது. அந்த உறுமல் ஒலிபெருக்கியில் விழுந்து மைதானம் எங்கும் கேட்டது. "ரெண்டு கையும் வந்துடுச்சு!" என்று யாரோ கூவினார்கள். மைதானம் அதிர்ந்தது, அப்படி ஒரு கைதட்டல்.

நான் அந்த வாத்தியாரை ஒரு நாளும் நம்பினவள் இல்லை. ஒற்றைக் கை என்று முதலில் பார்த்தவள் நான். டாக்டரிடம் இழுத்துப் போனவள் நான். என் நெஞ்சுக்கு மேலே டிக்கெட் குத்தியிருந்தது. ஆனாலும் அந்த இரண்டாவது கை எழுந்தபோது, மாதக்கணக்கில் என் மேல் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது. ஐயோ, இரண்டு கையும் வந்துவிட்டது, அப்படியானால் இது புலிதான், நிஜமாகவே புலிதான், அவள் பிழைத்துவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

அவள் மரம் சாய்வது போலப் பின்னால் விழுந்தாள். தலை மேடைப் பலகையில் மோதிய சத்தம் கேட்டது. உடம்பு உதறியது.

"யாரும் தொடாதீங்க!" என்றார் வாத்தியார் ஒலிபெருக்கியில். "புலி வேலை செய்யுது. அவங்களே முடிச்சுட்டு எழுந்திருப்பாங்க."

காத்திருந்தோம். கை தொப்புளுக்குப் போகும், முகத்தைத் தேய்ப்பாள், எச்சில் விழுங்குவாள் என்று ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அவள் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. உதறல் நின்றது, மறுபடி வந்தது, நின்றது, வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஷென் டாக்டர் ஓடி வந்தாள். ஒரு பக்கத்துச் செருப்பு எங்கேயோ போய்விட்டது. "படுபாவிங்களா, மூச்சு முட்டுது அவளுக்கு! ஒருக்களிச்சுப் படுக்க வைங்க!" என்று அவள் கத்திய பிறகுதான் எனக்குக் கால் நகர்ந்தது. மேடை ஏறி அவளைப் பக்கவாட்டில் புரட்டினேன். பட்டுச் சட்டை நனைந்திருந்தது. வாத்தியார் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஓரமாக நின்றார். மறுநாள் அவர் ஊரில் இல்லை.

ஆம்புலன்ஸில் ஹெஃபெய்க்குக் கொண்டுபோனோம். படம் எடுத்தார்கள். வலது பக்கத்து மூளைக்குள் கோழிமுட்டை அளவு கட்டி என்றார்கள். இடது கையை இழுத்ததும், இல்லாத கந்தக வாசத்தைக் காட்டியதும் அதுதான், வலிப்பு உடம்பு முழுக்கப் பரவியதால்தான் கடைசியில் வலது கையும் எழுந்தது என்றார்கள். மூன்று மாதம் முன்பே வந்திருக்கலாமே, ஏன் வரவில்லை என்று அந்தப் பெரிய டாக்டர் கேட்டார். குய்லியான் கண்ணைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை போய்விட்டாள். வயது நாற்பத்து ஐந்து. நர்ஸ் துணியைப் போர்த்துவதற்கு முன்னால், யாரும் பார்க்காதபோது, அவள் இரண்டு கையையும் எடுத்துத் தொப்புள் மேல் வைத்தேன். முகத்தைத் தேய்த்துவிட்டேன். எச்சிலை அவளுக்குப் பதில் நான் மூன்று தடவை விழுங்கினேன். மடத்தனம்தான். அப்படி முடித்து வைக்காமல் வர என்னால் முடியவில்லை.

இன்றைக்கும் காலை ஐந்தரைக்குக் களத்துக்குப் போகிறேன். பழைய ஆட்டம்தான், முதுகு நிமிர. புலி வரும்போது நான் செய்வதில்லை, மற்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு கை தாழ்ந்தால், ஒரு விரல் பின்தங்கினால், ஆளைப் பிடித்து ஷென் டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். "கிழவிக்குப் பைத்தியம்" என்கிறார்கள். சொல்லட்டும். இதுவரை ஏழு பேர். ஆறு பேருக்கு ஒன்றுமில்லை.

தேஷெங்கைப் பற்றிச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். அடக்கம் முடிந்த மறுநாள்தான் அவன் வந்தான், லாரி மலைப்பாதையில் மாட்டிக்கொண்டதாம். நேராக என் வீட்டுக்கு வந்தான். கையில் அட்டைப் பெட்டி, குவாங்ஜோவில் வாங்கிய வெள்ளைக் கான்வாஸ் ஷூ. காலையில் களத்தில் அவள் போட்டுக்கொள்ள என்று வாங்கியிருக்கிறான். பெட்டியை மேசை மேல் வைத்தான், உட்காரவில்லை.

"வழியில டீக்கடைல சொன்னாங்கக்கா. அவளுக்கு ரெண்டு கையும் வந்துச்சாமே. ஊரே கை தட்டுச்சாமே."

"ஆமா."

"நீங்க முன்வரிசைல நின்னீங்களாம்."

"நின்னேன்."

"நீங்க என்னக்கா செஞ்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். உடனே மேடைக்கு ஓடினேன் என்று சொல்லியிருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நானும் தட்டினேன் தம்பி."

அவன் ஷூ பெட்டியின் சணல் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"எவ்வளவு நேரம்?"

"மத்தவங்க நிறுத்துற வரைக்கும்."

அவன் தலையை ஆட்டினான். பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த என் செருப்பை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து போனான்.